எறிந்தால் தீருமா பொறுப்பு?

சுத்தம் ஈமானில் பாதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. மக்தபில் ஓதும் சிறு பிள்ளையைக் கேட்டாலும், ஒளுவின் பர்ளுகளை விரல் மடக்கி எண்ணிச் சொல்லிவிடும். எந்த நீர் சுத்தமானது, எது சுத்தப்படுத்துவது, ஆடையில் பட்ட நஜீஸை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் நம் இமாம்கள் பாகம் பாகமாக எழுதி வைத்துச் சென்றார்கள். பெரும்பாலான ஃபிக்ஹு நூல்களில் முதல் பாடமே சுத்தத்தைப் பற்றியதுதான். அதற்காக நாம் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்வதில்லை. நம் வீட்டைச் சுத்தம் செய்தபோது வெளியே போன அசுத்தம் எங்கே போயிற்று? அது யார் வாசலில் கிடக்கிறது? யார் குடிக்கும் நீரில் கலக்கிறது? வாசற்படியைத் தாண்டி எறிந்ததும் அது நம்முடையது அல்ல என்று ஆகிவிடுமா? எறிந்தவுடன் பொருள் மீதுள்ள உரிமை தீர்ந்துபோகலாம். பொறுப்பும் தீர்ந்துபோகிறதா? இதைத்தான் இங்கே நாம் சிந்திக்க விரும்புகிறோம்.

இந்தக் கேள்வி நம் உள்ளத்தில் தைத்த இடம் திருத்தணி. அங்கு வேண்டிய ஒருவர் இல்லத்து வலீமாவுக்காகச் சென்றிருந்தோம். ஆடிக் கிருத்திகை முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. 365 படிகள் கொண்ட மலைக்கோயிலுக்குத் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லட்சக்கணக்கில் மக்கள் காவடி சுமந்து வந்து போன ஊர். தெருவோரங்களில் வாடிய பூவும், காகிதத் தட்டுகளும், தண்ணீர் பாட்டில்களும் இன்னும் முழுவதும் அள்ளப்படாமல் கிடந்தன. வண்டியில் எம்முடன் வந்த ஒருவர், "பாருங்கள், திருவிழா என்றால் இப்படித்தான்" என்றார். நாமும் மறுக்காமல் தலையசைத்தோம்.

வலீமா சிறப்பாக நடந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் உண்டோம். பந்தி முடிந்து கை கழுவப் பின்புறம் சென்றபோதுதான் கண்டோம். மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் ஒரு குன்று எழுந்திருந்தது. பாதி உண்ட பிரியாணியோடு சுருட்டப்பட்ட இலைகள், எலும்பு, தால்ச்சா, பிரட் அல்வா, இரண்டு வாய் பருகிவிட்டு வைத்த தண்ணீர் பாட்டில்கள், ஐஸ்கிரீம் குவளைகள், இவை அனைத்தையும் சேர்த்து மேசையோடு சுருட்டி எடுத்த பிளாஸ்டிக் விரிப்புகள். இரண்டு மாடுகள் அந்த விரிப்பையும் சோற்றையும் பிரிக்கத் தெரியாமல் சேர்த்தே மென்றுகொண்டிருந்தன. நகராட்சியின் தூய்மைப் பணியாளரான ஓர் அம்மையார் குனிந்து, வெறுங்கையால் சோற்றுக்குள்ளிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் நிமிர்ந்து, "பாய், இலையைத் தனியா, பாட்டிலைத் தனியா போட்டிருந்தா எனக்கு அரை மணி வேலை. இப்ப பொழுது சாய்ஞ்சிடும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான்.

சற்று முன்பு மலையடிவாரத்தைப் பார்த்துத் தலையசைத்த நாம் இப்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? அவர்கள் பூவையும் தட்டையும் விட்டுச் சென்றார்கள். நாம் அல்லாஹ்வின் ரிஸ்கையே குப்பையாக்கி விட்டுச் சென்றோம். அடுத்தவர் திருவிழாவைச் சுட்டும் விரல் முதலில் நம் வலீமாவின் கொல்லைப்புறத்தைச் சுட்ட வேண்டும்.

சகோதர சகோதரிகளே! திருத்தணி ஓர் எல்லையோர ஊர். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. நீண்ட போராட்டத்துக்கும் பேச்சு வார்த்தைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்காக மனிதர்கள் சிறை சென்றார்கள், உயிரும் கொடுத்தார்கள். ஆனால் குப்பைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஊரை ஒட்டி ஓடும் நந்தியாற்றில் எறிந்த பை அங்கேயே நிற்பதில்லை. நந்தியாறும் ஆந்திரத்துப் பக்கமிருந்து வரும் நகரியாறும் கொசஸ்தலையாற்றில் சேர்கின்றன. கொசஸ்தலையாற்றின் நீர் பூண்டி ஏரியில் தேங்குகிறது. 1944-இல் கட்டப்பட்ட அந்த ஏரிதான் சென்னை மக்களின் குடிநீருக்கு ஓர் ஆதாரம். மிஞ்சிய நீர் எண்ணூரில் கடலைச் சேருகிறது. ஆந்திரத்து மலையோரத்தில் ஒருவர் எறிந்தது திருத்தணியைக் கடந்து, சென்னையில் ஒருவர் ஒளுச் செய்யும் நீரைத் தொட்டு, கடலில் மீன் பிடிப்பவரின் வலையில் போய் ஏறலாம். "வெளியே" எறிந்தோம் என்கிறோமே, அந்த வெளியே என்பது எங்கே இருக்கிறது? நமக்கு வெளி என்பது இன்னொருவருக்கு வீடு அன்றோ? கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதே என்ற கருத்தைத் திருமறையின் ரூம் அத்தியாயம் (30:41) கூறுகிறது. அந்த வசனத்துக்கு விரிவுரை எழுத வேண்டுமானால் நந்தியாற்றங்கரையில் அமர்ந்தே எழுதலாம்.

ஆகவே இது ஒரு வீட்டின் விஷயமும் அல்ல, ஓர் ஊரின் விஷயமும் அல்ல. நாடு முழுவதற்குமான விஷயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கைப் பாருங்கள். இந்தியாவின் நகரங்களில் நாளொன்றுக்குச் சேர்ந்த குப்பை சுமார் 1,60,000 டன். அதில் 1,52,000 டன்னுக்கு மேல் அள்ளப்பட்டுவிட்டது. அள்ளுவதில் நாம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் உரமாகவோ வேறு விதமாகவோ பக்குவப்படுத்தப்பட்டது சுமார் 80,000 டன் மட்டுமே, அதாவது பாதி. 29,000 டன் நிலத்தில் கொட்டி நிரப்பப்பட்டது. எஞ்சிய 50,000 டன் என்ன ஆயிற்று என்பதற்குக் கணக்கே இல்லை. நாள்தோறும் 50,000 டன்! வியாபாரத்தில் ஐம்பது ரூபாய் கணக்கில் வராவிட்டால் இரவெல்லாம் உறங்காத நாம், இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1996-இல் அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, 2000-இல் நகரக் குப்பை பற்றிய விதிகள் நாடு முழுமைக்கும் வந்தன. 2014 அக்டோபர் 2-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. 2016-இல் விரிவான புதிய விதிகள் வந்தன. ஒவ்வொரு வீட்டாரும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயமான குப்பை என மூன்றாகப் பிரித்தே தர வேண்டும் என்றும், தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ எறியவும் கொளுத்தவும் கூடாது என்றும் அவை கூறின. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டி விழா நடத்துபவர் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தும் வைக்க வேண்டும் என்றுகூட அவற்றில் இருந்தது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. உணவு மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆம், திருத்தணி வலீமாவில் நம் இலைகளுக்கு அடியில் விரித்திருந்த அதே தாள்தான்! சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் அதன் மேல் இலை போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டோம். நம்மில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

குப்பையைப் பிரிப்பதற்கு ஏன் இத்தனை வலியுறுத்தல் என்று சில சகோதரிகள் கேட்கலாம். சமையலறையில் சேரும் காய்கறித் தோலும் சோறும் எலும்பும் மண்ணிலிருந்து வந்தவை. தனியே வைத்தால் சில வாரங்களில் உரமாகி மண்ணுக்கே திரும்பும். கண்ணாடியும் இரும்பும் காகிதமும் பாட்டிலும் தனியே இருந்தால் விலைக்குப் போகும். இரண்டையும் ஒரே பையில் கட்டிவிட்டால் உரத்தில் கண்ணாடி கலக்கிறது, காகிதத்தில் குழம்பு ஊறுகிறது. இரண்டும் பயனற்றுப் போகின்றன. பிறகு செல்ல ஒரே இடம்தான், குப்பைமேடு. அங்கே காற்றுப் புகாத ஆழத்தில் ஈரக் குப்பை அழுகி, எரியக்கூடிய மீத்தேன் வாயு உண்டாகிறது. அதனால்தான் குப்பைமேடுகள் அடிக்கடி தீப்பற்றுகின்றன. அழுகிய சாறு கீழே இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் பல பத்தாண்டுகள் நடந்தது இதுவே. இன்று அவற்றைத் தோண்டிப் பிரிக்கக் கோடிக் கணக்கில் செலவாகிறது. நம் சமையலறையில் இரண்டு வாளி வைத்திருந்தால் ஒரு காசும் செலவின்றி முடிந்திருக்கும் வேலை அது.

பொருட்சேதம் மட்டுமா? 2017 ஏப்ரல் 14 அன்று இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் டெல்லி காஜிப்பூர் குப்பைமலை சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரத்தில் பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்து, ஊரையே மூச்சுத் திணற வைத்தது. மீத்தொட்டமுல்லையில் மாண்டவர்கள் அந்த மலையைக் கட்டியவர்கள் அல்லர். நகரத்தார் அனைவரும் ஆளுக்கொரு பை எறிந்தார்கள். அது மலையாகி ஏழைகள் மீது விழுந்தது. அந்த உயிர்களுக்கு யார் பதில் சொல்வது? ஆளுக்கொரு பை எறிந்தவர்களில் எவரும் தம்மைக் கொலையாளி என்று கருதமாட்டார். ஆயினும் மலை தானாக வளரவில்லை.

நம் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பலர் சேர்ந்து செய்த தீங்கில் ஒருவருடைய பங்கு எவ்வளவு? நான் எறிந்த ஒரு பையினால் எந்த ஆறும் கெடவில்லை, நான் எறியாமல் விட்டதால் எந்த ஆறும் தெளியப்போவதும் இல்லை. பின் எனக்கென்ன கடமை என்று ஒருவர் வாதிக்கலாம். பார்வைக்கு வலுவான வாதம்தான். ஆனால் இதே வாதத்தை ஜகாத்தில் வைத்துப் பாருங்கள். என் ஜகாத்தினால் நாட்டின் வறுமை தீரப்போவதில்லை என்று எந்த முஸ்லிமாவது கொடுக்காமல் இருப்பாரா? பலன் முழுவதும் நம் கையில் இல்லை என்பதால் பங்கு நம்மை விட்டு நீங்குவதில்லை.

புகாரியில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் கப்பல் உவமையை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வந்து தொந்தரவு கொடுப்பானேன் என்று எண்ணி, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட நினைக்கிறார்கள். மேலே உள்ளவர்கள் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர், தடுத்தால் அனைவரும் பிழைப்பர். இந்த உவமையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓட்டை போட நினைத்தவர்கள் தீயவர்கள் அல்லர். பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றே எண்ணினார்கள். தங்கள் பங்கில்தானே போடுகிறோம் என்றும் எண்ணினார்கள். நாமும் அப்படித்தான். நம் வீட்டுக் குப்பையை நம் வாசலில்தானே கொளுத்துகிறோம் என்கிறோம். புகை வாசலோடு நிற்குமா?

இரண்டாவது வாதம் இதைவிடப் பெரியது. "வரி கட்டுகிறோம். குப்பை அள்ளுவது நகராட்சியின் வேலை. நமக்கு ஏன்?" என்பது. இதிலே பாதி உண்மை இருக்கிறது. தெருவையும் சந்தையையும் மேற்பார்வையிட இஸ்லாமிய ஆட்சிகளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். ஊரின் சுத்தம் ஆட்சியாளரின் அமானிதம் என்பதை நம் வரலாறே ஒப்புக்கொள்கிறது. வண்டி வராவிட்டால் கேட்க வேண்டும், குப்பைக் கிடங்கை ஏழைகளின் குடியிருப்புப் பக்கம் தள்ளினால் எதிர்த்துப் பேச வேண்டும். மக்காத பொருளைக் கோடிக்கணக்கில் செய்து விற்று லாபம் காண்கிறவர்களும் அதைத் திரும்பப் பெறுவதற்குப் பொறுப்பு என்று 2016-இன் பிளாஸ்டிக் கழிவு விதிகளே கூறியிருக்கின்றன. ஆகவே இல்லத்தரசியின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிடுவது நீதியாகாது.

ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். கடமைகளை பர்ளு ஐன், பர்ளு கிபாயா என்று நம் இமாம்கள் பிரித்தார்கள். ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதிருந்து அது நீங்கிவிடும். அது கிபாயா. ஐவேளைத் தொழுகையை எனக்காக இன்னொருவர் தொழ முடியாது. அது ஐன். இந்த அளவுகோலைக் கொண்டு யோசித்தால் நமக்கு ஒரு வழி புலப்படுகிறது. குப்பையை அள்ளுவது, ஏற்றுவது, உரமாக்குவது, எஞ்சியதைப் பாதுகாப்பாகப் புதைப்பது ஆகியவை கிபாயாவைப் போன்றவை. சமுதாயத்தின் சார்பில் சிலர் செய்யலாம், செய்யாவிட்டால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கலக்காமல் வைப்பது? ஒரு முறை கலந்துவிட்டால் அதை நமக்காக வேறு எவரும் ஒழுங்காகப் பிரிக்க இயலாது. பிரித்தால், திருத்தணியில் அந்த அம்மையார் பிரித்தது போல் வெறுங்கையால், உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் நடுவே பிரிக்க வேண்டும். அது நம் கடமையை அவர் செய்வதல்ல, நம் தவறை அவர் சுமப்பது. ஆகவே இந்த ஒரு வேலை ஐனைப் போன்றது என்பதே நம் எண்ணம். இதை மார்க்கத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. தீர்ப்பு ஆலிம்களுக்கு உரியது. சிந்தனைக்காக வைக்கிறோம்.

ஆயினும் எறிந்த பொருளுக்கு எறிந்தவர் பொறுப்பு என்பது நம் ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், குப்பைகூளத்தையும் தர்ப்பூசணித் தோலையும் பாதையில் எறிந்து அதனால் பிறருக்குச் சேதம் நேர்ந்தால் எறிந்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதைச் சரியான கருத்தாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் காலம் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டு. தோலின் மீது அவருக்கு இனி உரிமை இல்லை, வேண்டாம் என்றுதானே எறிந்தார்? இருந்தும் வழுக்கி விழுந்தவருக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். உரிமை தீரும், பொறுப்பு தீராது! தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்விக்கு விடை எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

சென்ற தலைமுறையில் நம் நாட்டு நீதிமன்றமும் இதே நெறியைச் சொன்னது. அதைச் சொல்லும்போது நாம் தலைகுனியவும் வேண்டும். திருத்தணிக்குத் தெற்கே, மேற்கே பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழில் நம்மவர் பலரின் வாழ்வாதாரம். மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் அந்த வருமானத்தில் எழுந்தன. ஆனால் தோல் பதனிட்ட கழிவுநீர் பாலாற்றில் விடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றுப் போயிருந்ததை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என அறிவித்தது. தர்ப்பூசணித் தோலுக்கு நம் கிதாபு சொன்ன சட்டத்தை ஆட்டுத் தோலுக்கு நாமே கடைப்பிடித்திருந்தால் நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இதற்கு நேர்மாறான பெருமைக்குரிய பழக்கமும் நமக்கு உண்டு. சென்னைப் பக்கம் பழைய இரும்பும் பாட்டிலும் வாங்கும் கடையைக் "காயலான் கடை" என்பார்கள். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அத்தொழிலில் ஈடுபட்டிருந்ததால் வந்த பெயர் என்று சொல்லப்படுகிறது. சிலர் அதைக் கேலியாகச் சொல்வார்கள். கேலிக்கு அதில் என்ன இருக்கிறது? பிறர் வேண்டாம் என்று தள்ளியதில் பயனைக் கண்டெடுத்து, ஹலாலாகப் பிழைத்த தொழில் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்டபோது, அதன் தோலையாவது நீங்கள் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. இறைச்சி ஹறாமான பிராணியிலும் பதனிட்டால் பயன் தரும் தோல் வீணாகக் கூடாது என்று பார்த்த கண் அது. அண்ணலார் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். இந்த உம்மத்தில் பிறந்த நாம் இன்று குர்பானித் தோலுக்கு விலை குறைந்துவிட்டது என்று அதைக் குப்பைத்தொட்டியில் எறியும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

குப்பையைப் பிரிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை குப்பையைக் குறைப்பது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்து அஃராஃப் அத்தியாயத்தில் (7:31) வருகிறது. உண்பதற்கு அனுமதி தந்த அதே வசனத்தில்தான் விரயத்துக்குத் தடையும் இருக்கிறது. கீழே விழுந்த ஒரு கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்ன நபியின் உம்மத், பந்தியில் பாதிப் பிரியாணியை இலையோடு மூடிவிட்டு எழுவதை என்னவென்று சொல்வது? விருந்தளிப்பவருக்கு, போதும் போதும் என்னும் வரை வைத்தால்தான் மரியாதை. விருந்தினருக்கு, மிச்சம் வைத்தால்தான் கௌரவம். இரு மரியாதைகளுக்கும் நடுவில் ரிஸ்கு அழிகிறது.

ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்க முன்பெல்லாம் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு பள்ளிவாசலுக்கு ஓடுவார்கள். அஸருக்குப் பின் தூக்குகள் வரிசையாக இருக்கும் அந்தக் காட்சியே ஓர் அழகு. இன்று பல ஊர்களில் சூடான கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். முப்பது நாளும் வீடுதோறும் இரண்டு பை என்றால் ஒரு மஹல்லாவிலேயே எத்தனை ஆயிரம்! தூக்குச் சட்டியைத் திரும்பக் கொண்டு வருவதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், எந்த நிதியும் வேண்டாம். ஜும்ஆவில் ஒரு வார்த்தை போதும்.

"நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள்" என்று சில வீட்டார் மனம் நொந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நியாயமான வருத்தம். அதற்காக நம் கடமை நீங்கிவிடுமா? அமானிதத்தை ஒழுங்காக ஒப்படைத்தவர் தம் பொறுப்பை நிறைவேற்றிவிட்டார். வாங்கியவர் பாழாக்கினால் கேள்வி அவர் மீது. ஆயினும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாகாது. ஒரு வீட்டார் மட்டும் பிரித்தால் கலப்பது எளிது. தெருவே பிரித்துத் தந்தால் கலக்க மனம் வராது. ஆகவே ஜமாஅத்தாகச் சென்று நகராட்சியிடம் கேட்க வேண்டும். நாம் பிரித்து வைத்திருக்கும்போதுதான் அப்படிக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

இறுதியாக, மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை நினைவு கூர்வோம். கறுத்த நிறத்தவர், எளியவர். ஒரு நாள் அவரைக் காணாமல் அண்ணலார் (ஸல்) விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். அவருடைய காரியத்தை அவர்கள் சிறிதாகக் கருதியிருந்தார்கள் போலும், நபியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா என்று கேட்டு, அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். பெருக்கும் கைக்கு நபியவர்கள் கொடுத்த மரியாதை அது. நம் தெருவைப் பெருக்குபவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றித் தனியே வைப்பதும், ஊசியையும் பிளேடையும் டப்பாவில் மூடித் தருவதும், குழந்தையின் அசுத்தத் துணியை நன்றாகச் சுருட்டிக் கட்டித் தருவதும் அவருடைய கைக்கு நாம் செய்யும் மரியாதை. பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றால், அதைப் பாதையில் போடாமலே இருப்பது அதனினும் மேலானதன்றோ?

ஆகவே நம் இல்லங்களில் இன்றே தொடங்கலாம். அடுப்படியில் இரண்டு வாளி, அபாயமான பொருளுக்கு ஒரு டப்பா. கொல்லை இருந்தால் ஒரு குழி, இல்லையேல் ஒரு மண்தொட்டி. கடைக்குப் போகும்போது துணிப்பை. நிக்காஹ் வீட்டில் பந்திக்கு நிற்கும் இளைஞர்களில் இருவரை இலையையும் பாட்டிலையும் பிரிப்பதற்கென்றே நிறுத்துவது. மிஞ்சிய நல்ல உணவு இரவாகும் முன்பே தேவைப்பட்டோரைச் சேர ஏற்பாடு செய்வது. குர்பானி நாட்களில் இரத்தமும் குடலும் தெருச் சாக்கடையில் ஓடாதபடி மஹல்லா முழுமைக்கும் ஒரே இடத்தில் ஆழமாகப் புதைப்பது. இவற்றில் எதுவும் பெரிய காரியமல்ல. ஆனால் நாட்டின் 1,60,000 டன் என்பதும் பெரிய காரியமாகத் தொடங்கியதல்ல. வீட்டுக்கு ஒரு பையாகத்தான் தொடங்கியது. குறைவதும் அப்படித்தான் குறையும்.

அன்று திருத்தணியில், சட்டைக் கையை மடித்துவிட்டு நாமும் எம்முடன் வந்தவரும் அந்த அம்மையாரோடு சற்று நேரம் பாட்டில்களைப் பொறுக்கினோம். கல்யாண வீட்டார் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். பிறகு அவர்களும் குனிந்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அந்த அம்மையார் கை கழுவிக்கொண்டு, "அடுத்த கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க பாய்" என்றார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ஐந்நூறு பேரில் ஒருவராக உண்டுவிட்டு எழுந்த எமக்கு அது நன்மையா, பாதிப் பிராயச்சித்தமா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மறுமையில் அருட்கொடைகளைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்பது திருமறையின் எச்சரிக்கை. உண்டதைப் பற்றி மட்டுமல்ல, எறிந்ததைப் பற்றியும் கேட்கப்படுவோம் என்ற அச்சம் நம் உள்ளங்களில் குடிகொள்ளட்டும். நம் அகத்தையும் புறத்தையும், நம் வாசலையும் அண்டை வீட்டார் வாசலையும் சுத்தமாக வைத்திருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.